ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வங்கியில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்தில் கேட்கப்பட்ட சில கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் கடைசியில் உள்ளன.)



மூத்த குடிமக்களுக்கான சேமிப்புத் திட்டங்கள் பற்றிப் பேசும்படிதான் செயலாளர் என்னைக் கேட்டார். முப்பத்தைந்து வருடம் வங்கியில் இருந்தவனிடம் வேறு என்ன கேட்பார்? ஆனால் வட்டி விகிதத்தை இன்று யார் வேண்டுமானாலும் செல்போனில் பார்த்துக்கொள்ளலாம். அதனால் வேறு ஒரு விஷயம் பேச அனுமதி கேட்டேன். நம் ஒவ்வொருவர் வீட்டு பீரோவிலும் இருக்கும் ஒரு காகிதத்தைப் பற்றிய விஷயம். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்தவன். இங்கே சொல்லப்போவது என் வலது சிறுநீரகத்தின் ஒரு சிறு பகுதியைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. நான் பார்த்த டாக்டர்களிடம் கேட்டுத் தெளிந்தது. உங்கள் உடம்புக்கு முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

முதலில் இரண்டு ரிப்போர்ட்டுகளின் கதை.

ஒன்று என் மச்சினருடையது. மதுராந்தகத்தில் இருக்கிறார். முதுகு வலிக்காக ஸ்கேன் எடுத்தபோது, இடது சிறுநீரகத்தில் 45 மில்லிமீட்டர் அளவில் ஒரு 'சிஸ்ட்' என்று ரிப்போர்ட் வந்தது. யாரோ அவரிடம் "கட்டி" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபரேஷன் செலவுக்கு வேண்டும் என்று, முதிர்வுக்கு நான்கே மாதம் இருந்த ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்தார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வாங்கிப்போட்ட மனையை விற்றுவிடலாமா என்று என்னிடம் கேட்டார். கடைசியில் சிறுநீரக அறுவை சிகிச்சை நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் படத்தைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். "இது வெறும் நீர்க்கட்டி. ஒன்றும் செய்ய வேண்டாம். முதுகு வலிக்கு எலும்பு டாக்டரைப் பாருங்கள்" என்றார். மச்சினருக்கு உயிர் வந்தது. வட்டி போனது போனதுதான்.

இரண்டாவது என்னுடையது. 2022 டிசம்பரில் சாப்பிட்டவுடன் மேல் வயிற்றில் எரிச்சல் இருந்தது. பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். ரிப்போர்ட்டில் கல் இல்லை. கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு, ப்ராஸ்டேட் கொஞ்சம் பெரிது. நம் வயதில் பாதிப் பேருக்கு இருப்பதுதான். அதற்குக் கீழே, வலது சிறுநீரகத்தின் மேல்முனையில் 22 மில்லிமீட்டரில் 'ஹைப்பர்எக்கோயிக் லீஷன்', 'ஆஞ்சியோமயோலைப்போமா'வாக இருக்கலாம் என்று இருந்தது. கடைசி வரியில், சி.டி. ஸ்கேனுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன்? டாக்டருக்கு போன் செய்து "கல் இல்லை சார்" என்றேன். அவர் எரிச்சலுக்கு மாத்திரை சொன்னார். ரிப்போர்ட்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டவே இல்லை. அந்தப் பெரிய வார்த்தையை மட்டும் செல்போனில் தேடினேன். 'கெடுதல் இல்லாத கொழுப்புக் கட்டி' என்று வந்தது. திருப்தி. ரிப்போர்ட்டை மடித்து, சொத்து வரி ரசீதுகளோடு பீரோவில் வைத்துவிட்டேன். பதினான்கு மாதம் அது அங்கேயே இருந்தது.

பயப்படத் தேவையில்லாத ரிப்போர்ட்டைப் பார்த்து மச்சினர் பயந்தார். கவனிக்க வேண்டிய ரிப்போர்ட்டை நான் மடித்து வைத்தேன். இரண்டு பேருமே ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்கவில்லை. அந்த மெஷினால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியாது. இன்றைக்கு என் பேச்சு அதைப் பற்றித்தான்.

மறைமலைநகர் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். இந்தக் கூட்டத்திலேயே தரப்பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறீர்கள். வார்ப்பு இரும்பிலோ வெல்டிங்கிலோ உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, உடைக்காமல், ஒலி அலையைச் செலுத்திப் பார்ப்பார்கள் இல்லையா? 'அல்ட்ராசோனிக் டெஸ்டிங்' என்பீர்கள். நம் வயிற்று ஸ்கேனும் அந்தத் தொழிற்சாலைக் கருவிக்குத் தம்பிதான்.

இது உவமைக்காகச் சொல்வதில்லை, நடந்த வரலாறு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயன் டொனால்ட் என்று ஒரு மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இருந்தார். 1955 ஜூலையில், ஆபரேஷனில் எடுத்த நார்க்கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு, பாய்லர் தயாரிக்கும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் கருவியை அந்தக் கட்டிகள்மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய இறைச்சித் துண்டும் கொண்டுபோயிருந்தார்கள். நீர்க்கட்டிக்குள் எதிரொலியே இல்லை. நார்க்கட்டிக்குள் எதிரொலி வந்தது. இரண்டும் வேறு வேறு என்று கருவி காட்டிவிட்டது.

1958 ஜூன் 7-ஆம் தேதி 'லான்செட்' மருத்துவ இதழில் அவரும் மக்விகார், பிரவுன் என்ற இரு சகாக்களும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. இனி ஒன்றும் செய்ய முடியாத வயிற்றுப் புற்றுநோய் என்று நினைக்கப்பட்ட ஒரு பெண்ணை ஸ்கேன் செய்தபோது, பெரிய நீர்க்கட்டி என்று தெரிந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். இன்று ஸ்கேன் என்றால் நமக்குக் கர்ப்பம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தக் கருவியின் ஆரம்பகாலப் பெரிய வெற்றி, கட்டியில் இருப்பது தண்ணீரா சதையா என்று பிரித்துச் சொன்னதுதான்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது? எக்ஸ்ரே. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியக்க நிலையம் 1934-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் எக்ஸ்ரேயில் கல் தெரியும். சிறுநீரகத்தில் ஒரு வீக்கம் தெரிந்தால் அதற்குள் தண்ணீரா சதையா என்று சொல்வது கஷ்டம். ஊசி குத்தியோ வயிற்றைத் திறந்தோ பார்க்க வேண்டியிருந்தது. ஸ்கேன் வந்த பிறகு அந்த ஒரு கேள்விக்குப் பத்து நிமிடத்தில், வலியில்லாமல் பதில் கிடைக்கிறது.

அது வேலை செய்யும் விதம் எளிது. டாக்டர் வயிற்றில் ஜெல் தடவுகிறார். இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது, அதற்குத்தான் ஜெல். கையில் பிடித்திருக்கும் கருவி, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்புகிறது. நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். வயிற்று ஸ்கேனில் போவது சில மில்லியன் அதிர்வுகள். ஒருவகைத் திசு முடிந்து இன்னொருவகை தொடங்கும் இடத்தில் ஒலியின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. அதிகமாகத் திரும்பினால் திரையில் வெள்ளை. குறைவாகத் திரும்பினால் சாம்பல். திரும்பாவிட்டால் கறுப்பு.

இதை மனதில் வைத்துக்கொண்டால் ரிப்போர்ட்டில் பாதி புரிந்துவிடும். 'அனெக்கோயிக்' என்றால் எதிரொலியே இல்லை, கறுப்பு. 'ஹைப்போஎக்கோயிக்' என்றால் சுற்றியுள்ள சதையைவிட மங்கல். 'ஹைப்பர்எக்கோயிக்' என்றால் சுற்றியுள்ளதைவிட வெளுப்பு. 'லீஷன்' என்றால் மாறுதலாகத் தெரியும் ஓர் இடம், அவ்வளவுதான். அந்த வார்த்தைக்குப் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை.

முதலில் கறுப்பு. சுத்தமான நீர்க்கட்டிக்குள் ஒலி தங்குதடையில்லாமல் போகும். அதனால் உட்புறம் முழுக்கக் கறுப்பு. சுவர் மெல்லியது, வழவழப்பானது. கட்டிக்குப் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் பிரகாசமாகத் தெரியும். இந்த அடையாளங்கள் எல்லாம் இருந்தால் அது சாதாரண நீர்க்கட்டி என்று ஸ்கேன் ஒன்றே சொல்லிவிடலாம். அதை வைத்துக்கொண்டு காலம் முழுக்க நிம்மதியாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் இது மிக மிகச் சாதாரணம். என் மச்சினருக்கு இருந்தது இதுதான். 45 மில்லிமீட்டர் என்று அளவைப் பார்த்து அவர் பயந்தார். உள்ளே இருந்தது தண்ணீர் என்பதால் அளவுக்கு அங்கே பெரிய அர்த்தம் இல்லை.

நீர்க்கட்டியிலேயே கொஞ்சம் சிக்கலானவை உண்டு. உள்ளே தடுப்புச் சுவர்கள், தடித்த ஓரம், ஒட்டிக்கொண்டிருக்கும் சதை என்று. இதற்கு நியூயார்க்கைச் சேர்ந்த மார்ட்டன் போஸ்னியாக் என்ற கதிரியக்க நிபுணர் 1986-இல் ஒரு வகைப்பாடு கொடுத்தார். ரிப்போர்ட்டில் 'போஸ்னியாக்' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். ஒன்றும் இரண்டும் கெடுதல் இல்லாதவை. 'இரண்டு எஃப்' என்றால் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று என்றால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. நான்கு என்றால் பெரும்பாலும் புற்றுநோய். இந்த வகைப்பாடு சி.டி. படத்தை வைத்து உருவாக்கப்பட்டது. அதனால் சாதாரண ஸ்கேனில் 'சிக்கலான சிஸ்ட்' என்று வந்தால், அடுத்த படம் எடுத்துத்தான் எண்ணை முடிவு செய்வார்கள்.

இப்போது வெள்ளை. என் கதை இங்கேதான் வருகிறது.

ஆஞ்சியோமயோலைப்போமா என்பது ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்த கட்டி. பெண்களுக்குத்தான் அதிகம் வரும். கொழுப்பும் தசையும் மாறி மாறி இருப்பதால் ஒலி நிறையத் திரும்பி வந்து, திரையில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். புற்றுநோய் இல்லை. பெரிதானால், குறிப்பாக 4 சென்டிமீட்டருக்கு மேல் போனால், உள்ளே ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு என்பதால் பார்த்துக்கொள்வார்கள்.

அப்படியானால் வெள்ளை என்றால் நல்ல கட்டி என்று சொல்லிவிடலாமா? நான் அப்படித்தான் நினைத்தேன். அதுதான் தப்பு. சிறுநீரகப் புற்றுநோயும் சிறியதாக இருக்கும்போது, அதாவது 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது, ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஸ்கேனில் வெள்ளையாகவே தெரியும். பார்த்தால் கொழுப்புக் கட்டி மாதிரியே இருக்கும். அனுபவமுள்ள டாக்டர்கள் சில அடையாளங்களைத் தேடுவார்கள். கட்டிக்குப் பின்னால் நிழல் விழுந்தால் கொழுப்புக் கட்டியின் பக்கம் சாயும். ஓரத்தில் கறுப்பு வளையமோ, உள்ளே குட்டிக் குட்டி நீர்ப்பைகளோ இருந்தால் புற்றுநோயின் பக்கம் சாயும். சாயும் என்றுதான் சொல்ல முடியும். அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

எனக்கு ஸ்கேன் எடுத்த டாக்டர் இதைத் தெரிந்துதான் கடைசி வரியை எழுதியிருந்தார். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். படிக்காமல் விட்டவன் நான்.

வங்கியில் ஒரு விதி உண்டு. என்ட்ரி போட்ட கையே அதைப் பாஸ் செய்யக்கூடாது. கிளார்க் எழுதுவார், ஆபீசர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். இன்ன கணக்கு என்று தெரியாத தொகை வந்தால் 'சஸ்பென்ஸ்' கணக்கில் வைப்போம். அதை அங்கே வைப்பது தப்பில்லை. அங்கேயே விட்டுவிடுவதுதான் தப்பு. ஆடிட்டில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். முப்பத்தைந்து வருடம் சஸ்பென்ஸ் கணக்கைத் தீர்த்தவன், என் உடம்பில் இருந்த ஒரு சஸ்பென்ஸ் என்ட்ரியைப் பதினான்கு மாதம் தீர்க்காமல் வைத்திருந்தேன்.

2024 பொங்கல் முடிந்து சில நாட்களில், ஊரிலிருந்து வந்திருந்த என் மகள் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கப் பழைய காகிதங்களைத் தேடினாள். ரிப்போர்ட் கையில் கிடைத்தது. நின்றபடியே படித்தாள். "அப்பா, சி.டி. எடுத்தீங்களா?" என்று கேட்டாள். "அது ஒண்ணும் இல்லம்மா, கொழுப்புக் கட்டி" என்றேன். "கொழுப்புக் கட்டின்னு எழுதலையேப்பா. இருக்கலாம்னுதானே எழுதியிருக்கு" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த வாரமே போனோம். சி.டி.க்கு ஒரு மருந்து ஏற்ற வேண்டும் என்பதால் முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள். சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அந்த மெஷினை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்ட் என்பவரின் பெயரில் அந்த அளவுகோல் இருக்கிறது. தண்ணீருக்கு 0. சதைக்கு அதற்கு மேல். கொழுப்புக்கு மைனஸ். கட்டிக்குள் எங்காவது மைனஸ் எண் தெளிவாக வந்தால், ஏறக்குறைய நிச்சயமாக அது கொழுப்புக் கட்டி. கணக்கில் மைனஸ் பார்த்தாலே பதறுகிற ஆள் நான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மைனஸ் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மைனஸ் வரவில்லை. மருந்து ஏற்றியபின் கட்டியின் எண் நன்றாக ஏறியிருந்தது. அப்படியென்றால் உள்ளே ரத்த ஓட்டம் உள்ள கெட்டிச் சதை. 22 மில்லிமீட்டர் இருந்தது 26 ஆகியிருந்தது.

மார்ச் மாதம் ஆபரேஷன் நடந்தது. சிறுநீரகம் முழுவதையும் எடுக்கவில்லை. கட்டியையும் சுற்றிலும் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்தார்கள். பயாப்ஸியில் சிறுநீரகப் புற்றுநோய் என்றே வந்தது. சிறுநீரகத்தைத் தாண்டிப் போகவில்லை. கீமோ, கதிர்வீச்சு எதுவும் தேவைப்படவில்லை. குறித்த தேதிகளில் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறேன். இன்று காலையிலும் நம் பூங்காவில் நான்கு சுற்று நடந்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் தப்பித்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. சிறிய கட்டிகள் பொதுவாக மெதுவாக வளரும். சராசரியாக வருடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவு என்கிறார்கள். என்னுடையது அப்படி மெதுவாக வளர்ந்தது. எல்லோருடையதும் அப்படி வளரும் என்று சொல்ல முடியாது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் பயந்து வீட்டுக்குப் போகக்கூடாது. அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். புற்றுநோய் என்று சந்தேகித்து எடுக்கப்படும் 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கெட்டிக் கட்டிகளில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கெடுதல் இல்லாதது என்று பயாப்ஸியில் தெரியவருகிறது. 'ஆன்கோசைட்டோமா' என்று ஒரு கட்டி இருக்கிறது. கெடுதல் இல்லாதது. ஆனால் ஸ்கேனிலும் சரி, சி.டி.யிலும் சரி, புற்றுநோயிலிருந்து அதை நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. சிலருக்குப் பிறவியிலேயே இடது சிறுநீரகத்தின் ஓரம் மேடாக இருக்கும். ஒட்டகத் திமில் என்றே அதற்கு மருத்துவத்தில் பெயர். ஸ்கேனில் கட்டி போலத் தோன்றும், கட்டியே இல்லை.

அதனால்தான் சந்தேகமான கட்டி என்றவுடன் எல்லோருக்கும் கத்தி வைப்பதில்லை. சிலருக்கு ஊசி மூலம் சிறிது சதை எடுத்துப் பார்ப்பார்கள். வயதானவர்கள், வேறு பெரிய நோய் உள்ளவர்களுக்குக் கட்டி சிறியதாக இருந்தால், குறித்த இடைவெளியில் படம் எடுத்துக் கவனித்து வருவதும் உண்டு. அதுவும் ஒரு வைத்தியம்தான். டாக்டர் பார்த்துக்கொண்டிருப்பதும், பீரோ பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்றில்லை.

இனி நம் குடியிருப்பில் எல்லோரும் செய்யக்கூடியவை சில.

ஒன்று, ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள். 'இம்ப்ரெஷன்' என்று தலைப்பு இருக்கும். அதற்கு அடியில் 'கோரிலேஷன்', 'ஃபாலோ-அப்', 'ஃபர்தர் இவால்யுவேஷன்' என்று ஏதாவது இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

இரண்டு, எதற்காக ஸ்கேன் எடுத்தோமோ அதற்கு மட்டும் பதில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். நான் பித்தப்பைக் கல்லைத் தேடிப் போனேன், கிடைத்தது வேறு. இன்று சிறுநீரகப் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் இப்படி வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரியவருபவைதான். ரிப்போர்ட்டை எழுதிக்கொடுத்த டாக்டரிடமே நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். போனில் நாம் சொல்வது, நமக்குப் புரிந்ததை மட்டும்தான்.

மூன்று, பழைய ரிப்போர்ட்டையும் படத்தையும் தூக்கிப் போடாதீர்கள். 22 என்பது 26 ஆனது என்று சொல்ல முடிந்தது பழைய காகிதம் இருந்ததால்தான். ஒருவருக்கு ஒரு ஃபைல், தேதி வாரியாக. வங்கிக்காரன் சொல்கிறேன், இதைவிட நல்ல பாஸ்புக் கிடையாது.

நான்கு, சிறுநீரில் ரத்தம் போனால், வலியே இல்லாவிட்டாலும், ஒரே ஒரு முறைதான் என்றாலும், டாக்டரிடம் போங்கள். பீட்ரூட் சாப்பிட்டதால் இருக்கும் என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள்.

ஐந்து, புகை பிடித்தல், உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம் மூன்றும் இந்தப் புற்றுநோய்க்கான ஆபத்தைக் கூட்டும். மூன்றையும் குறைக்க ஸ்கேன் மெஷின் தேவையில்லை.

செலவுக்குப் பயந்து யாரும் அடுத்த படத்தைத் தள்ளிப்போட வேண்டாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி உள்ளவர்கள், நம் வளாகத்தில் வேலை செய்யும் காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள் உட்பட, அதை எடுத்து வைத்திருக்கிறார்களா என்று விசாரிப்பது நம் கடமை என்று நினைக்கிறேன்.

கேள்வி நேரம்

*சி.டி.தான் தெளிவாகச் சொல்லும் என்றால், முதலிலேயே அதை எடுத்துவிடக் கூடாதா?*

சி.டி.யில் எக்ஸ்ரே கதிர் உண்டு, செலவும் அதிகம், ஏற்றும் மருந்து எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே இல்லை, வெறும் ஒலி. சிறுநீரகத்தில் தெரிகிற பெரும்பாலானவை சாதாரண நீர்க்கட்டிகள். அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பவர்களுக்கு மட்டும் அடுத்த படி. பணம் எடுக்க வருகிற எல்லோரையும் மேனேஜர் அறைக்கு அனுப்ப முடியாது இல்லையா?

*ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நிச்சயமாக ஒன்றும் இல்லையா?*

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் மிகச் சிறிய கட்டி, குறிப்பாகச் சிறுநீரகத்தின் நிறத்திலேயே இருக்கும் கட்டி, தப்பிவிடலாம். உடல் பருமனாக இருந்தாலும், வயிற்றில் வாயு அதிகமாக இருந்தாலும் சரியாகத் தெரியாது. பார்ப்பவரின் அனுபவமும் முக்கியம். அதனால் அறிகுறி தொடர்ந்தால், 'நார்மல்' ரிப்போர்ட்டைக் காட்டி நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளக் கூடாது.

*கலர் டாப்ளர் போதாதா?*

டாப்ளர் கட்டிக்குள் ரத்தம் ஓடுகிறதா என்று காட்டும். உபயோகமானதுதான். ஆனால் சின்னக் குழாய்களில் மெதுவாக ஓடும் ரத்தம் அதில் தெரியாமல் போகலாம். அதனால் ஓட்டம் தெரியவில்லை என்பதால் மட்டும் நல்ல கட்டி என்று சொல்ல முடியாது. இப்போது நுண்குமிழிகள் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றி அல்ட்ராசவுண்ட் எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. அந்தக் குமிழிகள் ரத்தத்தோடு போய், கட்டியில் ரத்த ஓட்டம் இருந்தால் பளிச்சென்று காட்டும். அதன் வாயு மூச்சு வழியாகவே வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. எல்லா இடத்திலும் இந்த வசதி கிடைக்காது.

*எனக்குக் கிரியேட்டினின் அதிகம். சி.டி. மருந்து ஏற்ற முடியாது என்றார்கள். என்ன வழி?*

இப்போது சொன்ன நுண்குமிழி அல்ட்ராசவுண்ட் ஒரு வழி. எம்.ஆர்.ஐ. இன்னொரு வழி. உங்களுக்கு எது பொருந்தும் என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வழி மூடிவிட்டது என்பதற்காக ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது.

*வருடா வருடம் எல்லோரும் வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டுமா?*

அறிகுறி எதுவும் இல்லாத எல்லோரும் சிறுநீரகப் புற்றுநோய்க்காக வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று பொதுவான பரிந்துரை இல்லை. குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார். புதிதாக எடுப்பதைவிட முதலில் ஒரு வேலை செய்யுங்கள். இன்று வீட்டுக்குப் போய், பீரோவில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் கடைசி வரியையும் படியுங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு என் மகள் படித்தாள்.

சேமிப்புத் திட்டங்கள் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன்.